எது பெரியது?

2018 மார்ச்சில் என் முன்னாள் மாணவி ஒருத்திக்குத் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்யச் சிகாகோ, பெர்க்லி ஆகிய இரு பல்கலைக்கழகங்களிலும் இடம் கிடைத்தது. உதவித்தொகையும் உண்டு. ஏப்ரல் 15க்குள் பதில் சொல்லியாக வேண்டும். 'எது ஐயா பெரியது?' என்று கேட்டாள்.

கேள்வியே பிழை என்பது அன்றும் இன்றும் என் எண்ணம். நமக்குச் சிகாகோ என்றால் ஏ.கே. ராமானுஜன், பெர்க்லி என்றால் ஜார்ஜ் ஹார்ட். முன்னவர் 1993இல் மறைந்தார். பின்னவர் ஓய்வுபெற்றுவிட்டார். அவர்களது புகழா இவளது இயல்களைத் திருத்தித் தரப்போகிறது? இப்போது அங்கே நெறியாளர் யார், அவரோடு முரண்பட்டு வாதிட இயலுமா, அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் ஆய்வை முடித்தார்கள் என்பவற்றை அங்குள்ள மாணவர்களுக்கே எழுதிக் கேட்கச் சொன்னேன்.

'நூலகத்தை வைத்து முடிவெடுக்கலாமே' என்றாள். அவள் ஆராய விரும்பியது குஜிலி நூல்களை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது உண்மைதான். ஆனால் அந்நூல்கள் கப்பலேறவில்லை. 1994இல் அமைந்த நூலகத்தில், சென்னையிலேயே இருக்கின்றன. எங்கே சேர்ந்தாலும் அவள் தரமணிக்கு வந்துதான் படிக்கவேண்டும்!

உண்மையில் அவளை அச்சுறுத்தியது, வேண்டாமென்று ஓரிடத்துக்கு எழுதவேண்டிய கடிதம். (எனக்கு அப்படியொரு கடிதம் எழுதும் வாய்ப்பே வாய்த்ததில்லை. பொறாமைதான், மறைப்பானேன்?) அதைத் தள்ளிப்போடாதே, நீ விடும் இடத்துக்காக இன்னொருவர் காத்திருக்கக்கூடும் என்றேன். மறுநாளே எழுதிவிட்டாள்.