சிலம்பமும் வேண்டும், பிள்ளையும் வேண்டும்



இதைப் படித்தபின் சிலம்ப அன்பர்கள் சிலர் என்மீது சினம் கொள்ளக்கூடும். கொள்ளட்டும். நானும் கழி பிடித்தவன்தான். தோட்டத்துக் கோயில் திடலில் என் தந்தையாரிடம் காலடி கற்றவன். எனவே, 'இவருக்குச் சிலம்பத்தைப் பற்றி என்ன தெரியும்?' என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நல்ல சுறுசுறுப்பான பிள்ளை. ஒரு திங்கட்கிழமை, வாசிப்புப் பாடத்தின்போது நூலின்மேல் கன்னம் வைத்து உறங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிக் கேட்டேன். "நேத்து பயிற்சி முடிய பத்தே கால் ஆச்சு, சார்" என்றான். அதன் பிறகுதான் அவனுடைய வாரத்தை விசாரித்தேன். வாரத்தில் ஐந்து இரவு, எட்டு மணி முதல் பத்து மணி வரை பயிற்சி. சனிக்கிழமை காலை முழுதும் பயிற்சி. மாலை வேளைகளில் டியூஷன். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்று. நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலர் தொலைவிலுள்ள தாமான்களிலிருந்து வருகின்றவர்கள். அவனுக்கு வேன் வருவது ஆறு மணிக்குமுன். ஆக, ஐந்து மணிக்கு எழ வேண்டும்.

கணக்குப் போடுங்கள். ஆறு மணி நேர உறக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-ஆம் ஆண்டு வரையறுத்தது. குறைந்த அளவையே எடுத்துக்கொண்டாலும், ஐந்து பள்ளி நாள்களில் அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து மணி நேரக் கடன்! அந்தக் கடனைத்தான் என் வகுப்பில் அடைத்துக்கொண்டிருந்தான். நானோ அவன் பதிவேட்டில் 'கவனக் குறைவு' என்று எழுதி வைத்திருந்தேன்.

இது உறக்கத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மாவட்ட அளவிலான போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தபோது அவன் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். எடைப்பிரிவுக்கு ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருக்கிறதாம். மாலையில் கருப்புக் குப்பைப் பையைத் தலையும் கைகளும் நுழையும்படி வெட்டி, சட்டைக்குள் மாட்டிக்கொண்டு திடலைச் சுற்றி ஓடினான். பார்த்தேன். கேட்கவில்லை. அவ்வாண்டு எங்கள் பள்ளிக்கு ஒரு கிண்ணமும் வந்திருக்கவில்லை. புறப்பாடப் பொறுப்பாசிரியன் நான்.

போட்டி நாளன்று எடை பார்க்கும் வரிசையில் நின்றபடியே சரிந்து விழுந்தான். முதலுதவிக் குழுவினர் ஓடி வந்தனர். சற்று நேரத்தில் கண் விழித்தான். அவன் தந்தை என்னிடம் சொன்ன முதல் சொல் இதுதான்: "ஒன்னுமில்ல சார். தண்ணி குடிக்கறதுக்கு முன்ன எடையைப் பார்த்துடச் சொல்லுங்க."

நான் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. எடை பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிற்பகலில் போட்டியிட்டான், மூன்றாம் இடம். திங்கட்கிழமை சபைகூடலில் அவன் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்து, எல்லாரையும் கைதட்டச் சொன்னவனும் நான்தான்.

நீர் வற்றச் செய்து எடை குறைப்பது எத்தகைய செயல் என்பதை அறியாதவர்கள் அறியட்டும். 1997-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் கல்லூரி மற்போர் வீரர்கள் மூவர் இவ்வாறு எடை குறைக்கும் முயற்சியில் இறந்தனர். வெப்பமான அறை, வியர்வையை வெளிவிடாத ரப்பர் உடை, தண்ணீர் குடிக்காமை, அதோடு கடும் பயிற்சி. அதன்பிறகே அங்குக் கல்லூரி விளையாட்டில் அவ்வுடைக்குத் தடை வந்தது. அவர்கள் வளர்ந்த இளைஞர்கள். நாம் குப்பைப் பை மாட்டி ஓட விடுவது பதினொரு வயதுப் பிள்ளையை! அந்த வயதில் எடை கூடத்தான் வேண்டும் ஐயா. கூடாவிட்டால்தான் மருத்துவரிடம் போக வேண்டும்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு கேடயம் எழும்பும். "இது தமிழனின் மரபுக்கலை. நீங்களே இப்படிப் பேசலாமா?" இந்தக் கேடயத்தின் பின்னால் எத்தனை பேர் ஒளிந்துகொள்கிறார்கள்! தேக்குவாண்டோ வகுப்பில் நடந்தால் தட்டிக் கேட்கும் பெற்றோர், சிலம்ப வகுப்பில் நடந்தால் வாய்மூடி நிற்கின்றனர். கேட்டால் இனப்பற்று இல்லாதவர் ஆகிவிடுவோமோ என்ற அச்சம்.

என் தந்தையார் பழகிய முறையைச் சொல்கிறேன். அவர் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவருக்கு இரவு பத்து மணி வரை கழி சுற்ற முடியுமா? வாரத்தில் இரண்டு மாலை, பொழுது சாயுமுன் பயிற்சி முடிந்துவிடும். முதல் பல மாதங்கள் கையில் கழியே கிடையாது, காலடி மட்டும்தான். காய்ச்சல் என்றால் வராதே என்பார் ஆசான். ஆண்டுக்கு ஒருமுறை கோயில் திருவிழாவில் ஆடிக் காட்டுவார்கள். அங்கே எடை பார்க்கும் தராசு இருக்கவில்லை. அப்படிப் பழகியவர் அறுபது வயதைக் கடந்தும் கழி சுற்றினார். மரபு மரபு என்று முழங்குகின்றவர்களைக் கேட்கிறேன், இவற்றில் எது மரபு?

பிற நாட்டாரைப் பாருங்கள். ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ நம்மைப் போல் ஓர் ஆசிரியர். 1882-இல் தோக்கியோவில் ஒரு கோயிலில் பன்னிரண்டு பாய்களை விரித்துத் தொடங்கியவர். ஆசிரியர்களை உருவாக்கும் உயர்கல்லூரியின் தலைவராகப் பல்லாண்டு இருந்தவர். ஆற்றலை வீணாக்காமல் பயன்படுத்துவதும், தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுவதுமே ஜூடோவின் நோக்கம் என வகுத்தார். அவர் பிறந்த நாட்டிலேயே அது தடம்மாறியது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை எடை குறைக்கச் செய்வதும், பெற்றோரும் பயிற்றுநரும் நடுவர்மேல் கூச்சலிடுவதும் பெருகின. 2022-ஆம் ஆண்டு ஜப்பானிய ஜூடோ சம்மேளனம் என்ன செய்தது தெரியுமா? தொடக்கப்பள்ளி ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவருக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்திவிட்டது! வெற்றி ஒன்றே குறி என்ற போக்கு பிள்ளைகளுக்கு நல்லதன்று என்று வெளிப்படையாக அறிவித்தது. ஒலிம்பிக்கில் தங்கம் குவிக்கும் நாடு அது. அதனால் ஜூடோ அழிந்துவிடும் என்று அவர்கள் அஞ்சவில்லை.

மறுபக்கமும் ஒரு குற்றம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நடுநிலையாளன் அல்லன். தேர்வு ஆண்டு வந்ததும் கழியைப் பிடுங்கிப் பரணில் போடுகிற பெற்றோரும் நம்மிடையே உள்ளனர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டும் அந்த மனப்போக்கு நீங்கவில்லை, எஸ்.பி.எம். ஆண்டில் அது முழுவேகத்தில் எழுகிறது. நாள்முழுதும் நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு மாலை வியர்க்க விளையாடுவதுதான் மருந்து. அதைப் பறித்துவிட்டு நள்ளிரவு வரை படிக்க வைப்பதும், பத்தே கால் வரை கழி சுற்ற வைப்பதும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டிலும் களவு போவது பிள்ளையின் உறக்கம்.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். அண்மையில் ஒரு திருமண மண்டபத்தில் பார்த்தேன். "இன்னும் சிலம்பம் ஆடுறியாப்பா?" என்று கேட்டேன். "இல்ல சார், விட்டுட்டேன்" என்றான். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சில கோரிக்கைகளை முன்வைக்கப் போகிறேன். பள்ளி நாள்களில் பயிற்சி மாலை ஆறரைக்குள் முடிய வேண்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். விளையாடும் பிள்ளைக்கு வாரத்தில் ஓரிரு நாளும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் அவ்விளையாட்டிலிருந்து ஓய்வு வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது; பள்ளி விடுமுறைகளையாவது பிள்ளைக்கு விட்டுக்கொடுப்போம். எங்கள் பள்ளியின் பெயரில் போகும் எந்தப் பிள்ளையும் எடை குறைத்துப் போட்டியிடக் கூடாது. எந்தப் பிரிவில் எடை நிற்கிறதோ அந்தப் பிரிவில் ஆடட்டும், தோற்றால் தோற்கட்டும். உடன் செல்லும் ஆசிரியர் இதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். முதல் கையெழுத்து என்னுடையது.

எதிர்ப்பு வரும் என்பது தெரியும். பயிற்றுநருக்கும் அழைப்பு அனுப்பியுள்ளேன். கூட்டம் வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு. அது அவருடைய பயிற்சி நேரம். வருவாரா என்பது ஐயமே.