கூரை நிறைய விளக்கு, அடுப்படியில் நிழல்



சில மாதங்களுக்கு முன் வாலாஜாபேட்டையில் உறவினர் ஒருவரின் புதுமனை விருந்துக்குச் சென்றிருந்தோம். கூடமும் உணவறையும் சமையலறையும் இடையில் சுவரின்றி ஒரே பரப்பாக விரிந்திருந்தன. ‘ஓப்பன் கிச்சன்’ என்று இப்போது நம் ஊர்களில் பலரும் விரும்பிக் கட்டும் அமைப்பு. ஃபால்ஸ் சீலிங்கில் 12 எல்இடி விளக்குகள் பதிக்கப்பட்டிருந்தன. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துப் பாராட்டினார்கள். அவ்வீட்டின் மூத்த பெண்மணி மட்டும் நம் வீட்டாரிடம் மெல்லச் சொன்னாராம்: “வெளிச்சத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லைம்மா. வெங்காயம் நறுக்க நின்னா என் நிழல்தான் பலகையில விழுது. கத்தி போற இடம் தெரியல.”

அந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை. வீட்டுக்கு விளக்கு வாங்கும்போது விருந்தாளியின் கண்ணுக்கு எது அழகு என்று பார்க்கிறோம். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அங்கே நின்று நமக்குச் சமைப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சமையலறை விளக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் அங்கே வேலை செய்பவருக்கே உரியது என்பது நமது கருத்து.

நிழல் ஏன் விழுகிறது? விளக்குகளைக் கூரையின் நடுவே அழகான வரிசையில் பதிக்கிறார்கள். சமையல் மேடையோ சுவரை ஒட்டி இருக்கிறது. மேடையை நோக்கி நிற்பவரின் முதுகுக்குப் பின்னிருந்து ஒளி வருவதால் அவர் உடலே அதை மறைத்துவிடுகிறது. தீர்வு எளியது. மேடையின் முன்விளிம்புக்கு நேர் மேலே ஒரு வரிசை விளக்கு வரவேண்டும். சுவரில் அலமாரி இருந்தால் அதன் அடியில் ஒரு பட்டை விளக்கு பொருத்தினால் போதும். இவ்விரண்டும் சரியாக அமைந்தால் கூரையின் நடுவில் உள்ள விளக்குகளில் பாதிக்கு வேலையே இராது.

அடுத்தது நிறம். இதை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். சாயமேற்றிய தோலின் நிறம் மாதிரியோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க அங்கே பகலொளிக்கு இணையான விளக்கு பொருத்திய பெட்டி வைத்திருப்பார்கள். ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரு தோல்கள் வேறொரு விளக்கின் கீழ் வேறுபடும் என்பது அவர்கள் அன்றாடம் காணும் உண்மை. தோலுக்கு அவ்வளவு கவனம் காட்டும் நாம், வீட்டில் இறைச்சி வெந்ததா, அரிசியில் கல் இருக்கிறதா, எண்ணெய் கருகுகிறதா என்று பார்க்கவேண்டிய இடத்தில் கடைக்காரர் கொடுத்ததை மாட்டிவிடுகிறோம்.

இன்று நாம் வாங்கும் வெள்ளை எல்இடியில் பெரும்பாலானவை உண்மையில் நீல ஒளி தருபவை. அந்த நீலத்தின் மீது மஞ்சள் நிறம் தரும் ஒரு பூச்சைப் பூசி வெண்மையாக்குகிறார்கள். அந்த நீல எல்இடியைக் கண்டறிந்ததற்காகவே அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பூச்சு மட்டமானதாக இருந்தால் ஒளியில் சிவப்பு குறைந்துவிடும். தக்காளியும் இறைச்சியும் மிளகாய்த்தூளும் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது அதனால்தான். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதை ‘சிஆர்ஐ’ என்ற எண்ணால் பெட்டியில் குறிப்பார்கள். அதன் உச்சம் 100. சமையலறைக்கு 80-க்குக் கீழ் வேண்டாம். மேடைக்கு மேல் 90 கிடைத்தால் நல்லது. வெண்மையின் சாயலைக் ‘கெல்வின்’ எண் சொல்லும். 3000 மஞ்சள் சாயல், 6500 நீலம் கலந்த கடும் வெண்மை. சுவரில்லாத வீட்டில் கூடத்துக்கு ஒன்றும் சமையலுக்கு ஒன்றும் போட்டால் கண் உறுத்தும். எங்கும் 4000 என்று வைத்துக்கொள்வது நடுநிலையானது.

இனி விரயத்துக்கு வருவோம். குண்டு பல்புக்குப் பழகிய நாம் இன்னும் வாட் கணக்கிலேயே ஒளியை அளக்கிறோம். ஒளியின் அளவு ‘லூமென்’; வாட் என்பது அது தின்னும் மின்சாரம். 60 வாட் குண்டு பல்பு ஏறக்குறைய 700 லூமென் தந்தது. நல்ல 9 வாட் எல்இடி 800-க்கும் மேல் தருகிறது. 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் ‘உஜாலா’ திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் நாடெங்கும் சென்றன. மின்சாரத்தைச் சேமிப்பதே அதன் நோக்கம். ஆனால் ஒரு பல்பு இருந்த இடத்தில் 12 விளக்கு வைத்தால் சேமிப்பு எங்கே மிஞ்சும்? 12 வாட் விளக்குகள் 12, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 43 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு இதிலேயே போய்விடும். 9 வாட் விளக்கு நான்கும் 12 வாட் பட்டை ஒன்றும் சரியான இடத்தில் எரிந்தால் ஏறத்தாழ 14 யூனிட்தான். விரயத்தை நம் மார்க்கம் கண்டிக்கிறது என்று மேடையில் பேசும் நாம், தலைக்கு மேல் எரிவதை எண்ணிப் பார்க்கவேண்டாமா?

சுவிட்சும் விளக்கைப் போலவே முக்கியம். ரமளானில் சஹர் சமைக்க மூன்று மணிக்கு எழுந்தவர் விளக்கைப் போடுகிறார். எல்லாம் ஒரே சுவிட்சில் இருந்தால் கூடத்தில் உறங்கும் முதியவரும் கைக்குழந்தையும் விழித்துக்கொள்கிறார்கள். அதற்கு அஞ்சி, கைபேசியின் டார்ச் வெளிச்சத்தில் சமைக்கும் பெண்களை நாம் அறிவோம். மேடை, உணவுமேசை, கூடம் மூன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச் வேண்டும். உறங்கப் போகும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடக்கூடும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். இன்று திரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆயினும் தேவையற்ற விளக்கை அணைக்கும் ஒழுக்கம் மாறவில்லை. ஒரே சுவிட்ச் உள்ள வீட்டில் அதைப் பின்பற்றத்தான் முடிவதில்லை.

வாங்கும்போது இரண்டு செய்திகள் நினைவிலிருக்கட்டும். இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். எல்இடிக்குப் பகை வெப்பம். நம் கோடையில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் தேங்கும் சூட்டில் விளக்கு பழுதாவதற்குமுன் அதன் டிரைவர் பழுதாகும். காற்றுக்குச் சிறிது இடைவெளி விட்டு, கழற்றி மாற்றக்கூடியதாகப் பொருத்துங்கள். அடுப்புக்கு அருகே வருவது மூடிய விளக்காக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கலாம்.

புதுவீடு கட்டும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூரைக்குக் கான்கிரீட் போடும் முன்பே மின்குழாய்களைப் பதித்துவிடுவார்கள். அதற்கு முந்தைய நாள் உங்கள் தாயாரையோ மனைவியையோ அந்த இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மேடை வரப்போகும் இடத்தில் அவரை நிற்கச் சொல்லி, “எங்கே வெளிச்சம் வேண்டும்?” என்று கேளுங்கள். அவர் கை காட்டும் இடத்தில் மேஸ்திரி சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போடட்டும்.