கொழுந்தெடுக்கும் கை ஏடெடுக்க வேண்டாவா?

அறியாமையால் ஏழ்மை வந்தது என்பர் சிலர். ஏழ்மையை நிலைநிறுத்தற்கென்றே அறியாமை வளர்க்கப்பட்ட இடமும் உண்டு. அதுவே இலங்கை மலையகம்.

19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் நம் ஊர்ப்புற ஏழை மக்கள் அம்மலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்குமாறு 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்தாரைப் பணித்தது. வைத்தனர். எத்தகைய பள்ளி? பெரும்பாலும் ஓர் அறை; ஓர் ஆசிரியர்; எல்லா வகுப்பும் ஒருங்கே! எழுத்துக் கூட்டப் பழகுமுன்னரே பிள்ளையின் முதுகில் கூடை ஏறிற்று. கணக்கறிந்த பிள்ளை, கொழுந்து நிறுக்கும் கோலைக் கேள்வி கேட்கும் அன்றோ?

1945இல் அந்நாட்டில் கட்டணமில்லாக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிகளோ அதற்குப் புறத்தே நின்றன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவர் வகுப்பறை கேட்டால் செவிசாய்ப்பார் யார்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதை ஒட்டியே பள்ளிகளும் படிப்படியாக அரசின்கீழ் வந்தன. நாட்டின் பிற பிள்ளைகளுக்கு ஏறத்தாழ முப்பதாண்டு பின்னே அவர்கள் ஓடத் தொடங்கினர்.

அவ்வாறிருந்தும், அம்மலைகளிலிருந்து ஆசிரியரும் பட்டம் பெற்றோரும் எழுத்தாளரும் தோன்றினர். ‘தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது’ என்பார்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ? முப்பதாண்டாக வகுப்பறையில் நிற்பவன் சொல்கின்றேன்: ஏறாத பிள்ளையை யான் கண்டதில்லை, ஏற்றாத பள்ளியைக் கண்டதுண்டு.

நாடற்றோர் நிலையை நீக்கும் சட்டம் 2003இல் வந்தது. கல்விக் குறை இன்னும் நீங்கவில்லை. தோட்டப் பள்ளிகள் பல தொடக்க வகுப்புகளோடு நின்றுவிடுகின்றன. மேல்வகுப்புக்குச் செங்குத்தான வழியில் நெடுந்தொலை நடக்க வேண்டும். அங்கும் அறிவியலும் கணக்கும் தமிழில் கற்பிப்போர் போதாமை. மழைக்காலத்தில் நின்ற பிள்ளை, பிறகு வேலைக்கே போய்விடுகின்றது.

வேண்டுவன இரண்டு. அம்மலையிலே பிறந்தோரைப் பயிற்றி அங்கேயே ஆசிரியராக்குதல். நடந்து செல்லும் தொலைவில் மேல்வகுப்புகளைத் தமிழில் திறத்தல். வெளியூரிலிருந்து வருவோர் இடமாற்றத்தை எதிர்நோக்குவர். மலையின் மக்களோ மலையை விட்டு நீங்கார்.

தமிழின் தொன்மையை மேடைதோறும் முழங்குகின்றோம். இருநூறாண்டு பனியிலும் பசியிலும் அதனை நாவில் காத்தவர்க்கு, அதனை ஏட்டில் கொடுக்கக் குரலெழுப்பினோமா? தமிழ் வாழ்க என்பது, தமிழ்க் குழந்தை கற்க என்பதே.