மனைவியோடு நடந்தால் மானம் போகுமா?



தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில் அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, வழுத்தூர், பண்டாரவாடை, ராஜகிரி என நம் மக்கள் நிறைந்து வாழும் ஊர்கள் வரிசையாக வரும். அவற்றைக் கடந்தால் பாபநாசம். இப்பகுதியின் எந்தக் கடைத்தெருவிலும் ஒரு காட்சியைக் காணலாம். இளைஞர் ஒருவர் முன்னே விரைந்து நடக்கிறார். பத்தடி பின்னால் கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு பெண் வருகிறார். அவ்விருவரும் கணவனும் மனைவியும் என்பது, ஜவுளிக்கடையில் பணம் செலுத்தும்போதுதான் பிறருக்குத் தெரிகிறது.

இதே இளைஞரைத் துபையிலோ சிங்கப்பூரிலோ பாருங்கள். விடுமுறை நாளின் மாலையில் மனைவியின் கையைப் பிடித்துக் கடற்கரையில் நடப்பார். குழந்தையைத் தாமே தூக்கிக்கொள்வார். அங்கே அது குடும்ப வாழ்வு. சொந்த ஊரின் எல்லையைத் தொட்டதும் அதுவே வெட்கக்கேடு. அங்கே அழகாக இருந்த ஒன்று இங்கே எப்படி அவமானமாயிற்று? மார்க்கம் நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. மாறுவது ஊர்வாய் மட்டுமே. ஊர்வாய்க்கு அஞ்சுவதை மார்க்கப் பற்று என்று நாம் பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். அந்தப் பெயர் தவறானது என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாற்பத்தைந்து நாள் கணக்கு

நம் பகுதியில் திருமணம் ஆகும் மாப்பிள்ளைகளில் பலர் சபராளிகள். ஒருவருக்கு 45 நாள் விடுப்பு கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வாரம் நலம் விசாரிக்க வருவோருக்குப் போய்விடும். அடுத்து விருந்துகள் தொடங்கும். பெரியத்தா வீடு, சின்னம்மா வீடு, மாமி வீடு என்று மதியம் ஒன்று, இரவு ஒன்று. இடையில் உறவினர் திருமணங்கள், வங்கி வேலை, பத்திரப் பதிவு, மாடி வீட்டின் ஒழுகலைச் சரிசெய்தல். கடைசி வாரம் பெட்டி கட்டுவது. கணவனும் மனைவியும் மட்டும் அமர்ந்து பேசிய மாலைகளை எண்ண ஒரு கையின் விரல்களே மிச்சமாகும்.

அந்த விருந்துகளிலும் அவர்கள் சேர்ந்து இருப்பதில்லை. ஆண்கள் முன்கட்டில், பெண்கள் பின்கட்டில். மணமான புதிதில் ஒருவருக்கொருவர் என்ன பிடிக்கும், எதற்குக் கோபம் வரும், எதைக் கண்டு சிரிப்பு வரும் என்று அறிந்துகொள்ள வேண்டிய நாட்கள் பிரியாணித் தட்டுகளுக்கிடையே கரைந்துபோகின்றன. பிறகு ஈராண்டுகள் கைப்பேசியின் சிறு திரைதான் இல்லறம். அறிமுகம் முழுமையடையாத இருவர் தொலைபேசி வழியே சண்டையிட்டால், அதைத் தணிக்க அவர்களிடம் பகிர்ந்த நினைவு ஒன்றுகூட இருப்பதில்லை. சண்டை முற்றி ஜமாஅத்தின் முன் வந்து நிற்கும்போது, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்று நாமே தீர்ப்பும் சொல்கிறோம். பொறுமை முளைக்க நாம் மண் வைத்தோமா?

விருந்து குறித்து ஒரு நபிவழியை நினைவூட்டுகிறோம். பாரசீகரான அண்டைவீட்டார் ஒருவர் சுவையாகக் குழம்பு சமைப்பவர். அவர் நபி (ஸல்) அவர்களை உணவுக்கு அழைத்தபோது, ஆயிஷா (ரலி) அவர்களையும் சுட்டி, இவருக்கும் அழைப்பு உண்டா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் அழைப்பை ஏற்க மறுத்தார்கள். மறுமுறையும் அவ்வாறே நடந்தது. மூன்றாம் முறை அவர் இருவரையும் அழைத்த பிறகே, இருவரும் எழுந்து அவர் வீட்டுக்குச் சென்றார்கள். இது முஸ்லிம் நூலில் பதிவான செய்தி. மனைவி இல்லாத விருந்து எனக்கு வேண்டாம் என்று அண்டைவீட்டாரிடம் முகத்துக்கு நேரே சொன்னவர் நம் தலைவர். நாமோ மாப்பிள்ளையை மட்டும் தனியே அழைத்து, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

"வெட்கம் ஈமானின் பகுதி" என்போருக்கு

உடனே ஒரு மறுப்பு வரும்: "வெட்கம் ஈமானின் பகுதி அல்லவா? மனைவியை ஊர் சுற்றக் கூட்டிப்போவது நம் வழக்கமா?" வெட்கம் ஈமானின் பகுதிதான்; அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எதற்கு வெட்கப்பட வேண்டும் என்பதையும் மார்க்கத்திடமே கேட்க வேண்டும்.

ரமளானின் கடைசிப் பத்தில் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தார்கள். அன்னை ஸஃபிய்யா (ரலி) இரவில் பார்க்க வந்து, பேசிவிட்டுத் திரும்பியபோது, வழியனுப்ப நபியவர்களும் எழுந்து உடன் வந்தார்கள். அவ்வழியே சென்ற அன்சாரிகள் இருவர் கண்டு விரைந்து நடந்தபோது, அவர்களை நிறுத்தி, இவர் ஸஃபிய்யா என்று தெளிவுபடுத்தினார்கள். மக்கள் மனத்தில் ஐயம் எழலாம் என்பதற்காக நபியவர்கள் மனைவியைப் பத்தடி பின்னால் வரச் சொல்லவில்லை; இவர் என் மனைவி என்று அறிவித்தார்கள். மறைப்பது ஐயத்தை வளர்க்கும், அறிவிப்பது ஐயத்தை அழிக்கும் என்பதே நாம் அதிலிருந்து பெறும் பாடம்.

பயணம் ஒன்றில் மற்றவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப்பந்தயம் வைத்ததை அறியாதவர் யார்? முதல்முறை அன்னை வென்றார். பின்னொரு பயணத்தில் நபியவர்கள் வென்று, அதற்கு இது ஈடாயிற்று என்று சிரித்தார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு நிகழ்த்தியபோது, மேலாடையால் அன்னைக்கு மறைப்பிட்டு, அவராகவே சலித்துப் போகும்வரை நின்று காட்டினார்கள். இங்கே ஒழுக்கமும் இருக்கிறது, உல்லாசமும் இருக்கிறது. ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கொல்ல வேண்டும் என்று யார் நமக்குக் கற்றுக் கொடுத்தார்கள்?

இன்னொரு நிகழ்ச்சியும் நம் கவனத்துக்கு உரியது. ஸல்மான் (ரலி), தம் சகோதரராக்கப்பட்ட அபூதர்தா (ரலி) வீட்டுக்கு வந்தபோது, உம்முதர்தா (ரலி) அலங்காரம் துறந்து வாடியிருக்கக் கண்டார். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை. ஸல்மான் அவரை உண்ணவும் உறங்கவும் வைத்து, இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய உரிமைகளை அவரவர்க்குக் கொடுக்கச் சொன்னார். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபியவர்கள் உறுதி செய்தார்கள். வணக்கத்தின் பெயராலேயே மனைவியை மறக்க அனுமதி இல்லை எனும்போது, தேநீர்க்கடைப் பேச்சின் பெயரால் மறக்க அனுமதி எங்கிருந்து வந்தது?

ஆம், தேநீர்க்கடை. நம் இளைஞர்களுக்குப் பொழுதுபோக்கே இல்லை என்று சொல்ல முடியாது. அஸருக்குப் பின் மட்டைப்பந்து, மஃரிபுக்குப் பின் கடைவாசல், இஷாவுக்குப் பின் நண்பர்களோடு கும்பகோணம்வரை ஒரு சுற்று. இவற்றை எந்தப் பெரியவரும் ஊர் சுற்றல் என்று கண்டிப்பதில்லை. அதே மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் நண்பனுக்குப் பதில் மனைவி அமர்ந்தால்தான் நம் மார்க்கப் பற்று விழித்துக்கொள்கிறது. கேட்பதற்கே நாணமாக இருக்கிறது.

மனைவிக்கும் விருப்பங்கள் உண்டு என்பதை ஏற்கவே நமக்குத் தயக்கம். படிக்க விரும்பும் பெண் இருக்கிறாள். மாடியில் செடி வளர்க்க, தையல் நுணுக்கம் கற்க, ஆற்றில் தண்ணீர் வருவதைப் பார்க்க விரும்பும் பெண் இருக்கிறாள். ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளையும், அவரோடு விளையாட வந்த தோழியரையும் நபியவர்கள் மனமுவந்து ஏற்றார்கள். நாமோ, "பெண்ணுக்கு வீட்டுவேலையே பொழுதுபோக்கு" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஓய்வே இல்லாத ஒன்றை ஓய்வு என்று அழைப்பது அநீதி.

ஆற்றங்கரைக்குக் கட்டணம் இல்லை

"இதற்கெல்லாம் பணம் வேண்டாமா?" என்பது அடுத்த மறுப்பு. மலைவாசத் தலத்தையும் விடுதியையும் மட்டுமே பயணம் என்று எண்ணுவோர்க்கு இக்கேள்வி எழும். அல்லாஹ் நம்மை எங்கே வைத்திருக்கிறான் என்று பாருங்கள். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால், சில நாட்களில் தண்ணீர் கல்லணை வந்து சேர்ந்து காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. காவிரியின் கிளையான குடமுருட்டி நம் பாபநாசத்துக்கே வருகிறது. வறண்டு கிடந்த மணலில் முதல் நீர் நுரையோடு ஓடிவருவதைக் காண ஒரு ரூபாயும் செலவில்லை. நாற்றங்கால் பச்சையும், நடவு முடிந்த வயலில் மாலை வெயிலும், அறுவடைக்கு முந்திய நெல்மணமும் நமக்கு வாசற்படிக்கு வெளியே கிடைக்கும் இறை அத்தாட்சிகள். பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. அந்த ஏவல் ஆண்களுக்கு மட்டும் என்று எந்த விரிவுரையாளர் எழுதினார்?

சற்றே தொலைவு செல்ல விரும்பினால் திருக்காட்டுப்பள்ளி வழியே கல்லணை. கும்பகோணத்திலிருந்து சென்னைச் சாலையில், 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய அணைக்கரை. டேனியர் 1620இல் கோட்டை எழுப்பிய தரங்கம்பாடிக் கடற்கரை. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு. பறவைகள் வலசை வரும் கோடியக்கரை. காலையில் கட்டிச் சென்ற புளிச்சோறும் அவித்த முட்டையும் மதியத்துக்குப் போதும். இஷாவுக்கு முன் வீடு திரும்பிவிடலாம்.

இங்கே இளம் தம்பதியரிடமும் சில சொற்கள் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பயணம் உங்களுக்காகவா, ஊர் பார்க்கவா? கல்லணைக்குப் போய்த் தண்ணீரைப் பாராமல் கைப்பேசியையே பார்த்துத் திரும்புகிறவர்களை நாம் காண்கிறோம். மனைவியின் சிரிப்பைக் காணொளியாக்கி, முன்பின் அறியாதவர்களின் விருப்பக்குறிக்காக ஏங்குவது இன்பப் பயணமன்று, கண்காட்சி. முன்னே சொன்ன கணவர் மனைவியை ஊருக்கு அஞ்சி மறைக்கிறார். நீங்கள் ஊருக்காகவே காட்டுகிறீர்கள். இருவருக்கும் எசமான் ஊர்தான். மனைவியோடு இருக்கும் நேரத்துக்கு அல்லாஹ் ஒருவன் சாட்சியாக இருந்தால் போதாதா? தொழுகையைத் தவறவிட்டு வாங்கிய மகிழ்ச்சியிலும் பரக்கத் இல்லை. பெற்றோரை வீட்டில் பட்டினி போட்டுவிட்டு இருவர் மட்டும் உணவகத்தில் உண்பதையும் நாம் ஆதரிக்கவில்லை. ஒரு வாரம் அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். மறுவாரம் நீங்கள் இருவர் மட்டும் செல்வதை அம்மாவே மகிழ்ந்து அனுப்புவார்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

குறை சொல்லி முடித்துவிட நாம் விரும்பவில்லை. பெண்களோடு பயணம் செல்லும் குடும்பங்கள் சந்திக்கும் முதல் இடர் தொழுகைதான். ஆண், சாலையோரப் பள்ளிக்குள் நுழைந்துவிடுகிறார். மனைவி வாசலில், வெயிலில், செருப்புகளுக்குக் காவலாக நிற்கிறார். உளூச் செய்யவும் தொழவும் பெண்களுக்கு இடமில்லாத பள்ளிகள் இன்னும் எத்தனையோ. பயணத்தில் பெண்கள் தொழுகையை விடுகிறார்கள் என்று குறைப்படும் நாம், அவர்கள் தொழ ஓர் அறை கட்டினோமா? பளிங்குத் தரைக்கும் வானுயர மினாராவுக்கும் சபராளிகள் அனுப்பும் பணத்தில் சிறு பங்கு போதும்: மறைப்புள்ள ஓர் அறை, தனிக் குழாய், கழிப்பறை, வழிகாட்டும் பலகை ஒன்று. தஞ்சாவூர் - கும்பகோணம் சாலையில் உள்ள நம் ஊர்ப் பள்ளிகளே இதைத் தொடங்கட்டும்.

கலீஃபா உமர் (ரலி) இரவு நகர்வலத்தில், போருக்குச் சென்ற கணவனின் பிரிவால் வருந்திய பெண்ணின் குரலைக் கேட்டார். தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் எத்தனை காலம் பொறுப்பாள் என்று விசாரித்தறிந்து, படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு எல்லை வகுத்தார். நான்கு மாதம், ஆறு மாதம் என்று அறிவிப்புகள் வேறுபட்டாலும், ஓர் ஆட்சியாளர் அந்தக் குரலுக்குச் செவி சாய்த்தார் என்பதில் வேறுபாடு இல்லை. நம் தெருக்களில் இரண்டாண்டு, மூன்றாண்டு என்று அந்தக் குரல் ஓசையின்றி ஒலிக்கிறது. பிழைப்புக்காகப் பிரிவதை உடனே நிறுத்திவிட நம்மால் இயலாமல் இருக்கலாம். கணவன் வீட்டில் இருக்கும் அந்த நாற்பத்தைந்து நாளையாவது நாம் அவளிடமிருந்து பறிக்காமல் இருக்கலாம் அல்லவா?

எனவே பெரியவர்களே, அடுத்த விடுப்பில் உங்கள் மருமகன் வரும்போது பத்து விருந்துக்குப் பதில் இரண்டோடு நிறுத்துங்கள். குழந்தையை ஒரு மாலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மகனின் மனைவியிடம், "போய் வாம்மா, ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறதாம்" என்று நீங்களே சொல்லி அனுப்புங்கள். இளைஞர்களே, ஊர் எல்லை வந்ததும் நடையை விரைவாக்காதீர்கள். உங்கள் மனைவியின் நடைக்கு உங்கள் நடையைத் தாழ்த்துங்கள். பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது உற்றுப் பார்த்தால் ஸலாம் சொல்லி, இவர் என் மனைவி என்று சொல்லுங்கள். அதற்கு முன்மாதிரி உண்டு.

நம் இல்லங்களில் அன்பையும் கருணையும் நிறைத்து, கண்குளிர்ச்சியான துணைகளாக நம்மை ஆக்கி வைக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.