நகல்தான் இருக்கிறதே!

"அதுதான் படம் பிடித்தாயிற்றே, இனி இந்தக் குப்பை எதற்கு?" இப்படிக் கேட்கிறவர்கள் படிக்காதவர்கள் அல்ல. பெரும்பாலும் நூல்நிலையங்களையும் ஆவணக் காப்பகங்களையும் நடத்துகிற மகாநுபாவர்கள். படம் பிடிப்பதற்கு நான் விரோதியல்ல. தொட்டால் பொடியும் காகிதத்தை நூறு பேர் புரட்டுவதைவிட அதன் படத்தைப் புரட்டுவது மேல். என் சண்டையெல்லாம் படம் பிடித்த மறுநாள் நடக்கும் காரியத்தோடுதான்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். சென்ற நூற்றாண்டில் பெரிய நூல்நிலையங்கள் பழைய செய்தித்தாள்களை மைக்ரோபிலிமில் பதிவு செய்தன. சௌகரியத்துக்காகத் தொகுதிகளின் முதுகை வெட்டித் தாள் தாளாகப் பிரித்தார்கள். வேலை முடிந்ததும் அசலைக் கழித்துக் கட்டினார்கள். புத்தகங்களுக்கு ஒரு பரீட்சை வேறு: பக்கத்தின் மூலையை இப்படியும் அப்படியுமாக மடிப்பது, சில மடிப்புகளில் ஒடிந்தால் ஆயுள் முடிந்தது என்று தீர்ப்பு. மூலையை மடித்து மடித்தா ஐயா, மனிதர்கள் புத்தகம் படிக்கிறார்கள்? நிக்கல்சன் பேக்கர் என்ற நாவலாசிரியர் அந்தப் பரீட்சையின் பெயரையே தலைப்பாக வைத்து 2001-ல் ஒரு புத்தகம் எழுதி, அவர்கள் மானத்தை வாங்கினார். அதற்கு முன்பே, 1999-ல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்கப் பத்திரிகைத் தொகுதிகளை விற்றபோது, தம் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டு வாங்கியவர் அவர். (நாவலாசிரியர்கள் எப்போதாவது உருப்படியான காரியமும் செய்வதுண்டு.) 2004-ல் அவை டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் புலிட்சரின் 'நியூயார்க் வோர்ல்ட்' ஒன்று; வண்ண வண்ணமான ஞாயிறு இணைப்புகள் கொண்டது. மைக்ரோபிலிமில் அதெல்லாம் கறுப்பு வெள்ளை. பிலிமாவது நிலைத்ததா? அசிடேட் பிலிம் நாளடைவில் காடி நாற்றம் எடுத்துச் சுருங்கிப் போகிறது.

செய்தித்தாளிலாவது எழுத்து மிஞ்சும். பாலத்துக்கும் இயந்திரத்துக்கும் போட்ட பழைய வரைபடங்களின் கதி? 1842-ல் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறையில் எடுத்த நீலப் பிரதிகள், 'புளூபிரிண்ட்' என்கிறோமே, வெளிச்சத்தில் மங்கும். மற்றக் காகிதங்களுக்கு நல்லதென்று வைக்கிற காரம் கலந்த உறைகூட இவற்றுக்கு ஆகாது. வருஷக்கணக்காகச் சுருண்டு கிடந்ததைப் பலவந்தமாக விரித்தால் வெடிக்கும். அவசரக்காரரோ விரித்த மாத்திரத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலைக்கூட வைக்காமல், சாய்வாக நின்று படம் எடுத்துவிடுகிறார். அதை வைத்துக்கொண்டு ஒரு கோட்டின் நீளத்தை எந்த எஞ்சினீயர் சொல்லுவார்? கட்டுகிற இடத்தில் சிவப்புப் பென்சிலால் திருத்திய கோடு, கறுப்பு வெள்ளைப் படத்தில் மற்றக் கோடுகளோடு கோடாகக் கலந்துவிடும்.

நம் முன்னோர் ஏட்டைப் பிரதி செய்துவிட்டுப் பழையதை ஆற்றில் விடவில்லையா என்று சிலர் சாஸ்திரம் பேசுவார்கள். விட்டார்கள். பலனைப் பதிப்பாசிரியர்கள் அனுபவித்தார்கள். எழுதினவன் செய்த பிழை எது என்று பார்க்க, அவன் பார்த்து எழுதிய ஏடு இல்லை!

இடமில்லை என்பது அடுத்த பல்லவி. காமிராவுக்குப் பணம் கிடைத்தது; அட்டைப் பெட்டிக்கும் அலமாரிக்கும் மட்டும் கிடைக்கவில்லை.

இன்றைய காமிரா வண்ணத்திலும் துல்லியமாக எடுக்கும் என்கிறார்கள். எடுக்கட்டும். வரைபடத்தின் பின்புறத்தில் பென்சிலால் கணக்குப் போட்டிருந்ததே, அதை எடுத்தார்களா? நீர்க்குறி தெரியும்படி பின்னாலிருந்து விளக்குப் பிடித்தார்களா? அசலை எடைக்குப் போட்டுவிட்ட காரியதரிசியிடம் கேட்டுப் பாருங்கள். "இருங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லக்கூட அவருக்கு வழியில்லை.