றியாத் எவ்வளவு தூரம்?



1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டு, வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்த தாய்மாருக்குத் தூரம் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கடல்வழியே சுமார் 90 கிலோமீற்றர்தான். ஆனால் ஊர் திரும்பப் பலருக்கு இருபது வருடங்களாயின. திரும்பாதோரும் உண்டு.

இன்று எமது பகுதிப் பெண்கள் பலர் பணிப்பெண்களாக சவூதிக்குப் போகிறார்கள். "பக்கத்தில்தான், ஐந்து மணித்தியாலம்" என்று சப் ஏஜென்ட் சொல்வார். அது பொய்யல்ல. கட்டுநாயக்கவிலிருந்து றியாத் சுமார் 4,000 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் ஐந்து முதல் ஐந்தரை மணித்தியாலம். கற்பிட்டியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு பஸ்ஸில் போகவே நான்கு மணித்தியாலம் செல்கிறதே! வேறு நாட்டில் விமானம் மாறிப் போவதென்றால் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிக்கட்டில் உள்ள நேரம் சிலரைக் குழப்பும். மாலை 6 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்கு இறங்குவதாக இருக்கும். மூன்று மணித்தியாலம் என்று எண்ண வேண்டாம். புறப்படும் நேரம் இலங்கை நேரம். இறங்கும் நேரம் சவூதி நேரம். அவர்கள் எம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே வேலை முடிந்து இரவு 9 மணிக்கு உம்மா கோல் எடுத்தால், இங்கே பதினொன்றரை. பிள்ளை தூங்கியிருக்கும். ஆகவே எந்த நாளில், எத்தனை மணிக்குப் பேசுவது என்று போவதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள்.

திரும்பி வரும் தூரம் வேறு. வீட்டில் ஒரு மௌத்து என்றால், விமானம் அதே ஐந்து மணித்தியாலத்தில் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் கபீல் எனப்படும் எஜமான் சம்மதித்து, வெளியேறும் அனுமதி கிடைக்க வேண்டும். அதற்கு நாட்கள் போகலாம், வாரங்களும் போகலாம். 2021 மார்ச்சில் சவூதி அரசாங்கம் இந்த விதியைத் தனியார்துறை ஊழியர்களுக்குத் தளர்த்தியபோது, வீட்டுப் பணியாளர்களை அதில் சேர்க்கவில்லை.

எனவே, போகும் சகோதரியின் வீட்டில் நான்கு பிரதிகள் இருக்கட்டும்: கடவுச்சீட்டு, வீசா, வேலை ஒப்பந்தம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்ததற்கான பற்றுச்சீட்டு. எஜமானின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு கஷ்டம் வந்தால் பணியகமும் றியாதிலுள்ள எமது தூதரகமும் முதலில் கேட்பது இவற்றைத்தான். "சவூதியில் ஒரு வீட்டில் இருக்கிறா" என்று மட்டும் சொன்னால், அவ்வளவு பெரிய நாட்டில் அந்த வீட்டை எப்படித் தேடுவது?

போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கடனும் பிள்ளைகளின் படிப்பும் எம்மைத் துரத்துகின்றன. போகும் பயணத்தை ஏஜென்சி ஒழுங்கு செய்யும். திரும்பும் பயணத்தை நாங்கள்தான் இங்கிருந்தே ஒழுங்கு செய்து வைக்க வேண்டும்.