ஆட்டிசம் ஆய்வு: கையெழுத்துக்கு முன் பெற்றோர் கேட்க வேண்டியவை

ஐதராபாத்: மென்பொருள் பயிற்சி நிலையங்களுக்குப் பெயர்பெற்ற அமீர்பேட்டில், இப்போது குழந்தைகளுக்கான சிகிச்சை மையங்களின் பெயர்ப் பலகைகளும் கண்ணில் படுகின்றன. பேச்சுப் பயிற்சிக்காகக் குழந்தையை அங்கு அழைத்து வரும் பெற்றோரிடம் "ஓர் ஆய்வில் சேர்கிறீர்களா?" என்று கேட்டால், அவர்கள் தயங்குவது இயல்பே.

ஆயினும் அத்தகைய பங்கேற்பின் பயனை இந்நகரமே அறியும். ஆட்டிசத்தின் தீவிரத்தை மதிப்பிட இந்தியாவில் பயன்படும் 40 கேள்விகள் கொண்ட 'ஐசா' அளவுகோல், செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனத்தில்தான் உருவானது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீட்டிலும் அது இடம்பெற்றது. குடும்பங்கள் முன்வராமல் இத்தகைய அளவுகோல்களைச் சோதித்துச் சரிபார்க்க இயலாது. 2018-ல் வெளியான ஐந்து பகுதி ஆய்வொன்றில், 2 முதல் 9 வயது வரையிலான 3,964 குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனர். அதில் நகர்ப்புறத்தைக் குறித்தது ஐதராபாத். அமெரிக்காவின் 'ஸ்பார்க்' ஆய்வில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆட்டிச நபர்கள் சேர்ந்துள்ளனர் என்பதோடு ஒப்பிட்டால், இந்தியத் தரவுகளின் போதாமை விளங்கும்.

தயக்கத்துக்கும் காரணம் உண்டு. 2011-ல் குண்டூர் மாவட்டம் பிடுகுரல்லவைச் சேர்ந்த ஏழைப் பெண்கள், ஐதராபாத்தில் நடந்த மருந்துப் பரிசோதனையில் முறையான புரிதலின்றிச் சேர்க்கப்பட்டதாகப் பெரும் சர்ச்சை எழுந்தது. ஆட்டிசத்தில் ஆபத்து வேறு வடிவில் வருகிறது: ஸ்டெம் செல் சிகிச்சை. அதனை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கக் கூடாது எனத் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் தெரிவித்தது. அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனைக்கு வெளியே அதை அளிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலும் இடம் தரவில்லை. பரிசோதனைச் சிகிச்சைக்கு நோயாளியிடமே கட்டணம் கேட்டால், அதனை ஆய்வு என்று நம்புவதற்கில்லை.

அதிகம் பேசப்படாத பாதுகாப்பு, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் உள்ளது. மாற்றுத்திறனாளியை ஆய்வுக்கு உட்படுத்த, அவருக்குப் புரியும் வழியில் பெறப்பட்ட சுதந்திரமான ஒப்புதல் வேண்டும். அரசு அமைக்கும் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அக்குழுவில் பாதிக்குக் குறையாதோர் மாற்றுத்திறனாளிகளாகவோ, அவர்களுடைய பதிவு பெற்ற அமைப்பின் உறுப்பினர்களாகவோ இருத்தல் அவசியம். அந்த அனுமதியைக் காட்டுமாறு ஆய்வாளரிடம் கேட்கும் பெற்றோர் எத்தனை பேர்?

குழந்தையின் சம்மதமும் கணக்கில் உண்டு. 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாகவும், அதற்குமேல் 18 வயதுவரை எழுத்துமூலமும் பெற வேண்டும். பேசாத குழந்தை முகம் திருப்பிக்கொண்டால், அதுவும் மறுப்பே.

இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, கேட்பவர் யார் என்பது. குழந்தைக்கு வாரந்தோறும் பயிற்சி அளிப்பவரே படிவத்தை நீட்டினால், மறுத்தால் பயிற்சி நின்றுவிடுமோ என்ற அச்சம் எழும். மறுப்பதாலோ, இடையில் விலகுவதாலோ வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது என்பது விதி. மருந்துப் பரிசோதனைகளை இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். பதிவேடு ஆங்கிலத்தில் உள்ளது. ஒப்புதல் படிவமோ தெலுங்கோ, உருதோ, தமிழோ, பெற்றோருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.